யானை வந்தபோது நான் நிற்கவில்லை

அன்பு மகன் சூசைக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை. உன் கடிதம் இன்று மத்தியானம் உன் கூடாரத்து ஆள் சின்னசாமி கையில் வந்து சேர்ந்தது. பென்னாகரத்துக்கு அப்பால் காட்டில் கரிமூட்டம் போடுகிற இடத்துக்கு நீ மேஸ்திரியாகப் போய் மூன்று மாதம் ஆகிறது. இதுவரை நீ எழுதிய கடிதங்களையெல்லாம் உன் அம்மாவுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டியிருக்கிறேன். இதை ஒரு தரம்கூட முழுதாகப் படிக்க முடியவில்லை. பக்கத்து மரமெல்லாம் வெட்டித் தீர்ந்துவிட்டது, அதனால் கூடாரத்தை மூங்கில் ஓடைக்குள் மாற்றப் போகிறோம் என்று எழுதியிருக்கிறாய். அங்கே ஆனை நடமாட்டம் இருக்கிறதென்று கூலியாட்கள் பயப்படுகிறார்களாம். நீ அவர்களை உட்காரவைத்து என் கதையைச் சொன்னாயாம். 'எங்கப்பா நின்னாரு, ஆனை திரும்பிப் போயிடுச்சி. நாமளும் நின்னா போயிடும்' என்றாயாம். திங்கட்கிழமை காலையில் முதல் ஆளாக நீயே உள்ளே நடக்கப் போகிறாயாம், உன் பின்னால் பொம்பளைகளும் குழந்தைகளும் வருவார்களாம். இவ்வளவையும் எழுதிவிட்டு, 'நான் உங்க புள்ளதானே' என்று கடைசியில் ஒரு வரி வேறு.

சூசை, அந்தக் கதை பொய். ஆனை வந்தபோது நான் நிற்கவில்லை. ஓடினேன். ஓடியதுகூடப் பெரிதில்லை, அந்த இடத்தில் யாராயிருந்தாலும் ஓடுவார்கள். ஓடும்போது நான் செய்ததும், ஓடி முடித்தபின் நான் சொன்னதும்தான் விஷயம். இதை உனக்குச் சொல்லாமலே கண்ணை மூடிவிடலாம் என்று இருந்தேன். நீ அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கப் போகிறாய் என்று தெரிந்தபின் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது? காலில் வந்த வாதம் இப்போது கைக்கும் ஏறிவிட்டது, விரலில் பேனா நிற்க மாட்டேனென்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொண்டு படி. ஒரு வரியையும் தாண்டிப் போகாதே.

உனக்கு அப்போது எட்டு வயது. காட்டு எல்லையில் நட்ட கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்து, எண் எழுதிக்கொண்டு போகிற வேலை எனக்கு. 'கல்லு மேஸ்திரி' என்று கூப்பிடுவார்கள். மாதத்தில் இருபது நாள் காட்டில்தான். என்னோடு கூட வந்தவன் பொன்னன், வத்தல்மலைக்காரன். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவன். என் கதையில் வருகிற பொன்னனை உனக்கு நன்றாகத் தெரியும். ஆனையைக் கண்டதும் கோவணம் அவிழ்ந்தது தெரியாமல் ஓடுவானே, அவன்தான். நிஜமான பொன்னனை உனக்குத் தெரியாது. வாய் பேசாத ஆள். ராகிக் களியை உருட்டி வாயில் போட்டால், மென்று விழுங்கும்வரை பேச்சே கிடையாது. இடுப்பில் ஒரு சின்னத் துணிப்பை வைத்திருப்பான், அதில் அடுப்புச் சாம்பல். ஓடை திரும்புகிற இடம், புதர் அடர்ந்த இடம், மேடு ஏறி இறங்குகிற இடம், எங்கே வந்தாலும் நின்று ஒரு சிட்டிகை எடுத்து, விரலைத் தேய்த்துக் கீழே விடுவான். அது எந்தப் பக்கம் போகிறதென்று பார்ப்பான். நமக்கு முன்னாலிருந்து நம் மூஞ்சிக்கு வந்தால் நடப்பான். நம்மிடமிருந்து உள்ளே போனால் நடக்க மாட்டான், உட்கார்ந்துவிடுவான். நம்முடைய வாடை காற்றோடு முன்னால் போய் ஆனைக்குச் சேதி சொல்லிவிடுமாம். அரை நாளானாலும் காற்று மாறும்வரை அசைய மாட்டான். மாறாவிட்டால் மலையைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போகலாம் என்பான். எனக்குக் கோபம் கோபமாக வரும். "ஆனைக்குத் துண்ணூறு போடறியா பொன்னா?" என்று கேலி செய்வேன். சிரித்துக்கொள்வான்.

அன்றைக்கு ஒரே ஒரு கல்தான் பாக்கி. ஒரு மூங்கில் ஓடைக்குள்ளே இருந்தது. அதை முடித்துவிட்டால் மத்தியானமே கிளம்பி, குருத்தோலை ஞாயிற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். ஓலையில் உனக்குச் சிலுவை பின்னித் தருவதாகச் சொல்லியிருந்தேன். ஓடை வாயில் பொன்னன் நின்றான். சாம்பலை விட்டான். அது அவன் காலடியில் விழவில்லை. மெல்ல, ஆள் நடக்கிற மாதிரி உள்ளே போயிற்று.

"காத்து உள்ள போவுதுங்க மேஸ்திரி. செத்த நாழி குந்துங்க. வெயில் ஏறுனா மாறிடும்."

"உனக்கு வூட்டுல புள்ளைங்க இல்லியா பொன்னா? எனக்கு இருக்குது. நான் போறேன். நீ குந்திக்கிட்டு இரு."

"தனியாப் போவாதீங்க."

"வாய மூடிக்கிட்டு வரதுன்னா வா."

வந்தான். அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்க முடியவில்லை. அவனுக்கு உள்ளே என்ன இருக்கலாம் என்று தெரியும். தெரிந்தும், என்னைத் தனியாக விட மனமில்லாமல் வந்தான்.

அந்த ஓடையைப் பற்றி நான் உனக்குச் சொன்னதெல்லாம் நிஜம். மூங்கில் இரண்டு பக்கமும் வளைந்து கூரை போட்டது நிஜம். பச்சை வெளிச்சம், குளிர்ச்சி, தூரத்தில் ஒகேனக்கல் தண்ணீர் விழுகிற சத்தம் தரை வழியாகக் காலுக்கு வந்தது, மணலில் முறம் அகலத்துக்கு இருந்த தடத்தில் இன்னும் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது, எல்லாம் நிஜம். காடு முழுவதும் நிஜம் சூசை, அதற்குள்ளே என்னை வைத்த இடம் மட்டும்தான் பொய். மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் சத்தமே இல்லை. பட்சி சத்தம்கூட நின்றுவிட்டது. பொன்னன் என் தோளைத் தொட்டு, பின்னால் நடக்கும்படி கையைக் காட்டினான். எதிரே பார்த்தேன். பெட்டை ஆனை. குட்டி அதன் காலடியில் நின்றது. நம் வீட்டுக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரம்கூட இல்லை.

கையிலிருந்த சுண்ணாம்பு டப்பாவைப் போட்டுவிட்டு ஓடினேன். டப்பா பாறையில் விழுந்து மணி அடித்தது போல் சத்தம் போட்டது. அந்தச் சத்தத்துக்குத்தான் அது கிளம்பியது. ஓடைக் கரை ஆள் உயரம், செங்குத்தாக இருந்தது. பொன்னன் கரையில் கைவைத்து ஏறப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பின்னால் போய் அவன் இடுப்பில் ஒரு காலும் தோளில் ஒரு காலும் வைத்து ஏறிவிட்டேன். ஏறும்போது அவன் என் காலடியில் வழுக்கிப் போனது தெரிந்தது. தெரிந்தும் குனிந்து கை கொடுக்கவில்லை. மேலே ஒரு பாறை இருந்தது, அதன்மேல் போய் நின்றுகொண்டேன். கதையில் நான் நிற்கிற இடம் அதுதான். நின்றேன் என்பதும் ஒரு வகையில் நிஜம்தான், பாறைமேல் நின்றேன்.

அவன் கத்தவில்லை. குப்புறப் படுத்துக் கிடந்தான். ஆனை வந்து காலால் அவனை ஒரு தள்ளு தள்ளியது. கோபமாகக்கூட இல்லை, வழியில் கிடக்கிற கட்டையை ஒதுக்குவது போல. எலும்பு முறிந்த சத்தம் பாறைவரைக்கும் கேட்டது. அப்போதும் அவன் கத்தவில்லை. குட்டி பின்னாலிருந்து ஏதோ முனகியது. ஆனை திரும்பிப் போய்விட்டது. என் கண்ணைப் பார்த்துத் திரும்பியது என்று சொன்னேனே, அது என்னைப் பார்க்கவே இல்லை. அவன் அசையாமல் கிடந்ததால்தான் போயிற்று. நான் இறங்குவதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது. நிழல் கொஞ்சம் நகர்ந்திருந்தது.

இறங்கிப் போனதும் அவன் கேட்ட முதல் வார்த்தை, "கையில ரத்தம் வருதுங்களே மேஸ்திரி" என்பது. பாறையில் கீறியிருந்தது, அவ்வளவுதான். அவனுக்கோ தொடை இரண்டாக ஒடிந்து கிடந்தது.

எங்கள் கூடாரத்துக்குப் போய் ஆட்களைக் கூட்டிவந்து, மூங்கிலில் தூளி கட்டி அவனைத் தூக்கிக்கொண்டு வந்தோம். எல்லாரும் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். அவனுக்கு நினைவு தப்பியிருந்தது. "அவன் எப்படி விழுந்தான்?" என்று கேட்டவர் பெரியவர், எங்களுக்கெல்லாம் மேலே இருந்தவர். நிஜத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். "ஓடுனான், விழுந்துட்டான்" என்று வந்தது. "நீ?" என்றார். "நின்னேன்" என்றேன். ஒரு சொல். யோசித்துச் சொன்னதில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டு இருக்கிறதே, அது என்னைக் கெடுத்துவிட்டது. மிரண்டு ஓடி விழுந்தவனுக்கு நாம் என்ன செய்வது என்று பொன்னனை மலைக்கு அனுப்பிவிட்டார்கள். நானும் பேசாமல் இருந்தேன். அவன் நினைவு திரும்பியபின் யாரிடமாவது சொல்லியிருப்பானா என்று கொஞ்ச நாள் பயந்தேன். ஒரு பேச்சும் வரவில்லை. பிறகு பயமும் போய்விட்டது.

அந்தத் தடவை ஊருக்கு வந்து, பொம்மிடி ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் முதல் தரம் அந்தக் கதையைச் சொன்னபோது அது சின்னக் கதையாகத்தான் இருந்தது. கேட்கிறவர்கள் கண்ணை விரிக்க விரிக்க நானும் நீட்டினேன். ஆனையின் காதில் ஒரு வெள்ளைப் பூச்சி உட்கார்ந்திருந்தது என்பதை இரண்டாம் தரம் சேர்த்தேன். நான் மாதா மந்திரம் முணுமுணுத்தேன் என்பது மூன்றாம் தரம். மாதாவையும் பொய்ச்சாட்சிக்கு இழுத்தேன் பார். பொன்னனின் கோவணம் எப்போது அவிழ்ந்தது என்று நினைவில்லை, யாரோ சிரித்தார்கள் என்பதற்காகச் சேர்த்திருப்பேன். நீ அந்த இடத்துக்காகவே காத்திருப்பாய். பொன்னன் ஓடுகிற மாதிரி வாசலில் ஓடிக் காட்டுவாய். தெருவே சிரிக்கும். நானும் சிரித்தேன் சூசை. யார் தோளில் கால்வைத்து நான் பிழைத்தேனோ அவனைப் போல என் பிள்ளை ஓடிக் காட்ட, நான் கைதட்டிச் சிரித்தேன். வருஷா வருஷம் பெரிய வாரத்தில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். கோபம், பொறாமை, பூசைக்குத் தாமதமாகப் போனது என்று ஒன்று விடாமல் சொல்வேன். இதைச் சொன்னதே இல்லை. கதைதானே என்று என்னை நானே ஏய்த்துக்கொண்டேன். சொல்லிச் சொல்லிக் கடைசியில் எனக்கே அது நடந்த மாதிரி ஆகிவிட்டது. இன்று உன் கடிதத்தைப் படிக்கும்போதுதான் மறுபடியும் அந்தத் தோள் என் பாதத்துக்கடியில் வழுக்கியது.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், பொன்னனிடம் நான் கேட்காமல் விட்டதை நீயாவது கேள். ஆனைக்கு முன்னால் நிற்பது தைரியமில்லை. அதற்கு முன்னால் போய் நிற்கும்படி ஆனதே பிசகு. மூங்கில் இருந்து, தண்ணீரும் இருந்தால் அது அதன் வீடு, அங்கே கூடாரம் போடாதே. வேறு இடம் பார். மேட்டில் தண்ணீர் தூரமாக இருந்தாலும் பரவாயில்லை, பொம்பளைகள் நாலு குடம் கூடச் சுமந்தால் குறைந்து போய்விட மாட்டார்கள், நீயும் ஒரு குடம் தூக்கு. உன்னோடு மலையாட்கள் ஏழெட்டுப் பேர் இருப்பதாக எழுதினாய். அவர்கள் 'வேணாம்' என்று சொன்னால் அது பயமில்லை, கணக்கு. அவர்களை முன்னால் நடக்கவிடு, அவர்கள் உட்கார்ந்தால் நீயும் உட்கார். மேலே இருக்கிறவர்கள் அவசரப்படுத்தினால், சண்டைக் காலம், பெட்ரோல் இல்லை, பஸ் ஓடக்கூடக் கரிதான் வேண்டும் என்று கத்தினால், கத்தட்டும். சண்டை எங்கேயோ நடக்கிறது, ஓடை உன் முன்னால் இருக்கிறது.

இன்னொன்று. உனக்கு என் நாக்கு வாய்த்திருக்கிறது. உன் கடிதத்தைக் கேட்டால் மூட்டத்துப் புகை மூக்கில் ஏறுகிறது என்பாள் உன் அம்மா. நீயும் காட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க மாட்டாய், காட்டில் இருந்தவனால் அது முடியாது. சொல், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. எட்டடி ஆனையைப் பத்தடி ஆக்கினாலும் பாதகமில்லை, கேட்கிறவனுக்கும் அது தெரியும். ஆனால் உன்னோடு நடந்து வந்தவனைச் சின்னவனாக்கி நீ பெரியவனாகாதே. அவன் செய்ததை எடுத்து உன் பேரில் போட்டுக்கொள்ளாதே. அப்படிச் சொன்ன கதை எங்கேயாவது போய் ஒருவன் உயிரைக் கேட்கும். என்னுடையது உன் உயிரைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது.

இதுவரை எழுதிவிட்டு உன் அம்மாவைக் கூப்பிட்டேன். புளி தட்டிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். முழுதும் படித்தேன். அழுவாள் என்று நினைத்தேன், என்னை ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "எனக்குத் தெரியும்" என்றாள்.

"யாரு சொன்னது?"

"பொன்னன் பொஞ்சாதி வந்தா. அந்த வருஷமே, மழைக்கு முன்ன. நீங்க காட்டுல இருந்தீங்க. ஒரு படி சாமை கொண்டாந்தா, மேஸ்திரி புள்ளைங்களுக்குன்னு. மேஸ்திரி கையில அடிபட்டுச்சே, ஆறிடுச்சான்னு அவரு கேட்டுட்டு வரச் சொன்னாராம். எனக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சிக்கிட்டுப் பேசினா. பாவம், கொற சொல்ல வரல அவ."

 பிறகு, பொன்னன் இப்போது எப்படி இருக்கிறானோ என்று கேட்டேன். கேட்கும்போதே, இத்தனை வருஷத்தில் இதைக் கேட்பது இதுதான் முதல் தடவை என்று உறைத்தது.

"அடுத்த அறுப்புக்கே போயிட்டாருங்க. படுத்த படுக்கையா இருந்து போயிட்டாரு. சேதி வந்துச்சி. நான் உங்ககிட்ட சொல்லல."

"ஏன் சொல்லல?"

"அன்னிக்குக்கூட நீங்க அந்தக் கதையச் சொல்லிக்கிட்டு இருந்தீங்க. புள்ள ஓடிக் காட்டிக்கிட்டு இருந்தான். எப்படிச் சொல்றது? நானும் சேந்துதான் சிரிச்சேன்."

பொன்னன் பெண்டாட்டி கொண்டுவந்த சாமையில் ஆக்கிய சோற்றை நானும் தின்றிருப்பேன் சூசை, யாருடையது என்று தெரியாமல். பொன்னனிடம் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று இந்தக் கடிதத்தின் நடுவில் ஒரு நினைப்பு வந்தது. வத்தல்மலைக்கு டோலி கட்டிக்கொண்டாவது ஏறிவிடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். அதற்கும் பதினோரு வருஷம் தாமதமாகிவிட்டது. அவன் பெண்டாட்டி இருக்கிறாளா என்று விசாரிக்க உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். இருந்தால் போவேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் போவேன்.

அதற்கு முன்னால் உன் காரியம். சின்னசாமி நாளைக் காலை கரி பஸ்ஸில் திரும்புகிறான். இந்தக் கடிதத்தை அவனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது. நானும் கூடவே பென்னாகரம்வரை வருகிறேன். கூடாரத்துக்கு வரமாட்டேன். கால் வலி என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் இனி உன்னிடம் பொய் வேண்டாம். நீ இதைப் படிக்கும்போது உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. பஸ் நிற்கிற இடத்தில் இருப்பேன். உன் ஆட்களை உட்காரவைத்து என் கதையைச் சொன்னாய் அல்லவா, அதே ஆட்களை உட்காரவைத்து இதையும் படித்துக் காட்டு, தோளில் கால் வைத்த இடம் உட்பட. அவர்கள் முன்னால் உனக்குத் தலைகுனிவாக இருக்கும். அந்தத் தலைகுனிவை உனக்குக் கொடுத்ததற்கு என்னை மன்னித்துவிடு. மன்னிக்க முடியாவிட்டால் அதையும் நான் ஏற்றுக்கொள்கிறேன்.

படித்துவிட்டு என்னைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் வா. வேண்டாமென்றால் வராதே, நான் வருத்தப்பட்டாலும் தப்பாக நினைக்க மாட்டேன். ஆனால் ஓடைக்குள் இறங்கவில்லை என்று ஓர் ஆளிடம் சொல்லியனுப்பு. கோபமாக இருந்தால் கோபமாகவே சொல்லியனுப்பு. அந்த ஒரு வார்த்தை வந்து சேரும்வரை நான் திரும்பி பஸ் ஏற மாட்டேன்.

உன் அப்பா